கூடையில் க்யூஆர்... வாசலில் தண்டல்!

மயிலாப்பூர் மாட வீதிகளில் காலையில் கீரைக்கட்டு இறங்கும்போதே ஓர் அட்டையும் கூடவே இறங்கிவிடுகிறது. தண்ணீர் தெளித்தால் நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை, சுற்றிலும் செல்லோ டேப், முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் நடுவே சாய்த்துவைத்த க்யூஆர் அட்டை. பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்குபவரும் “ஜிபே பண்ணிடவா?” என்றுதான் கேட்கிறார். சில்லறைக்காகப் பக்கத்துக் கடைக்கு ஓடிய காலம் மலையேறிவிட்டது.

ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பது அறுபது வயது அம்மா. பல கூடைகளில், திரையில் வருவதோ ஓர் ஆண் பெயர். மகனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பேரனாகவும் இருக்கலாம். விடியற்காலையில் கோயம்பேடு போய்ச் சரக்கு எடுத்தது அந்த அம்மா, வெயிலில் உட்கார்ந்தது அந்த அம்மா. பணம் போய்ச் சேர்வது இன்னொருவர் கணக்கில். ராத்திரி வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டதும் கிடைக்கிற வீடும் உண்டு, கேட்கவே முடியாத வீடும் உண்டு.

எல்லாக் கூடையும் இப்படி இல்லை. தியாகராய நகர் பாண்டி பஜாரில் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில் க்யூஆர் வைத்து, பக்கத்திலேயே ‘சவுண்ட் பாக்ஸ்’ வைத்திருக்கும் பெண் வியாபாரிகளையும் பார்க்கலாம். வந்த தொகையைத் தமிழில் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி, படிக்கத் தெரியாதவருக்குப் பெரிய தெம்பு. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி “போட்டாச்சு” என்று நழுவுகிற வேலை அதன் முன்னால் எடுபடாது. யுபிஐ-யின் வெற்றியில் பாதிப் பங்கை இந்தப் பெட்டிக்கே கொடுக்கலாம் என்பேன். அதற்கு மாத வாடகை உண்டு என்பது தனிக்கதை.

யுபிஐ-யை 2016 ஏப்ரல் 11-ல் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு நவம்பர் 8-ல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. ஏடிஎம் வாசலில் கால்கடுக்க நின்ற நாடு கைபேசிப் பக்கம் திரும்பியது. 2023 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. 2025 ஆகஸ்டில் 2,000 கோடி! அசரவைக்கும் வேகம் இது. இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் வங்கி என்பது பணம் அனுப்பும் குழாய் மட்டுமா? அவசரத்துக்குக் கடன் வேண்டும். சேர்த்த காசு பத்திரமாக இருக்க வேண்டும். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த மூன்றிலும் கீரைக்கார அம்மா 1970-களில் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்?

வக்கீல்கள் கட்டிய வங்கி

மயிலாப்பூருக்கும் பணத்துக்கும் உள்ள உறவு பழையது. ‘மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட்’ தொடங்கியது 1872-ல். உறுப்பினர்களே போட்டு உறுப்பினர்களே எடுக்கும் நிதி நிறுவனம். பென்ஷன் பணம், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் எல்லாம் அங்கேதான். வட்டி வாங்கப் போவது என்பதே பல குடும்பங்களில் மாதாந்தரச் சடங்கு.

அடுத்து 1906. அக்டோபர் 22-ம் தேதி அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரன் கம்பெனி, விழவே விழாது என்று நம்பி மதராஸ் ராஜதானி முழுக்கப் பணம் போட்டிருந்தது. நீதிபதிகள், வக்கீல்கள், விதவைகள் என்று எல்லாரும் நடுத்தெருவுக்கு வந்தார்கள். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை.

அந்த இடிபாட்டிலிருந்துதான் இந்தியன் வங்கி எழுந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார்; செட்டிநாட்டு ராமசாமி செட்டியார் உள்ளிட்ட நகரத்தார்கள் மூலதனத்துக்குக் கை கொடுத்தார்கள். 1907 மார்ச்சில் பதிவு, ஆகஸ்ட் 15-ல் தொடக்கம். சுதேசி வேகத்தில் பிறந்த வங்கிக்கு அந்தத் தேதி அமைந்தது பின்னால் நினைத்துப் பார்த்தால் சுவாரசியம்தான். 30 ஆண்டுகள் கழித்து, 1937 பிப்ரவரி 10-ல், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தார்.

இரண்டுமே பெருமைக்குரிய வங்கிகள். இரண்டின் கவுன்டரிலும் அந்தக் காலத்தில் பூக்காரிக்கு வேலை இல்லை. கணக்கு தொடங்கத் தெரிந்தவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தவர் என்றால் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர். 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் அரசுடைமையானபோது இந்த இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. வாசல் அகலமானது. வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள் இன்னும் வெளியேதான் நின்றார்கள்.

பீமசேனா தோட்டத்திலிருந்து ஒரு பாடம்

இந்த நகரத்தில் ஏழைப் பெண்களுக்குக் கடன் கிடைத்த கதையை எழுத வேண்டுமென்றால் மயிலாப்பூர் பீமசேனா தோட்டத் தெருவில்தான் தொடங்க வேண்டும். அங்கே தலைமையகம் கொண்டது ‘உழைக்கும் பெண்கள் அமைப்பு’. ஆங்கிலத்தில் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ என்றால் பலருக்குச் சட்டென்று தெரியும். 1978-ல் இதைத் தொடங்கிய ஜெயா அருணாச்சலம் அதற்கு முன் காங்கிரஸ் கட்சியில் இருந்தவர். கட்சி அரசியலை விட்டுவிட்டுக் குப்பத்துக்கும் சந்தைக்கும் வந்தார். இட்லி சுட்டு விற்பவர், பூ கட்டுபவர், காய்கறிக்காரி, மீன்காரி என்று எல்லாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டபோது வந்த பதில் ஒன்றுதான்: வட்டிக்காரனிடமிருந்து விடுதலை.

அப்போது அரசு வங்கிகளில் 4 விழுக்காடு வட்டியில் ஏழைகளுக்குக் கடன் தரும் திட்டம் ஒன்று இருந்தது. 1972 முதல் நடைமுறையில் இருந்த அந்தத் திட்டத்தைப் பற்றி இந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமைப்பு அவர்களைத் தெருவாரியாகச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்தது. குழுவுக்குத் தலைவி அதே தெருவில் இருக்கும் பெண். யார் நாணயமானவர், யார் புருஷன் குடிகாரன், யாருக்கு இந்த மாதம் கை கடிக்கும் என்று அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் ஜாமீன். கடன் சின்னது, திருப்பிக் கட்டியது 90 விழுக்காட்டுக்கும் மேல்.

அப்புறமும் வங்கி வங்கிதான். விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம், வியாபார நேரத்தில் கிளைக்கு வா என்பது, வந்தால் நிற்கவைத்துப் பேசுவது. பொறுத்துப் பார்த்துவிட்டு 1981-ல் அமைப்பே தனக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கிவிட்டது. ஏழைகளுக்குக் கடன் என்றதும் எல்லாரும் பங்களாதேஷின் கிராமின் வங்கியைச் சொல்கிறோம். அது தனி வங்கியானது 1983-ல். நம் ஊர்ப் பீமசேனா தோட்டத்தைச் சொல்ல ஏனோ மறந்துவிடுகிறோம். ஜெயா அருணாச்சலம் 2019-ல் மறைந்தார்.

இதே மயிலாப்பூரில், லேடி தேசிகா சாலையில், இன்னொரு கதை. ஆர். தியாகராஜன் நண்பர்களோடு 1974-ல் தொடங்கிய ஸ்ரீராம் சிட்ஸ், பின்னால் லாரி டிரைவர்களுக்குக் கடன் கொடுக்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பழைய லாரி வாங்க வரும் டிரைவருக்கு வங்கியில் ‘கடன் வரலாறு’ இருக்காது. அவரை நேரில் பார்த்து, வண்டியைப் பார்த்து, ஓட்டும் ரூட்டைக் கேட்டுக் கடன் கொடுத்தார்கள். பல்லாயிரம் கோடி நிறுவனத்தைக் கட்டிய தியாகராஜன், தான் கைபேசி வைத்துக்கொள்வதில்லை என்று பேட்டி கொடுத்தவர்.

இரண்டு கதையிலும் கடன் கொடுத்தவருக்குக் கடன் வாங்கியவரின் முகம் தெரியும். இதைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே போவோம்.

கணக்கு எல்லாருக்கும் வந்தது

2005-ல் இந்தியன் வங்கி, புதுச்சேரியை அடுத்த மங்கலம் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் வங்கிக் கணக்கு தொடங்கியது. இந்தியாவில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிக் கணக்கு கிடைத்த முதல் கிராமம் அது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாத எளிய கணக்கு என்ற யோசனை அதையடுத்து நாடு முழுக்கப் போனது. 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன் தன் திட்டம் வந்தது. 2023-க்குள் 50 கோடிக் கணக்குகள், அவற்றில் பாதிக்கு மேல் பெண்களுடையவை.

தொழில்நுட்பத்திலும் சென்னைக்குப் பங்கு உண்டு. அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்தின் ஆதரவோடு வளர்ந்த வோர்டெக்ஸ் நிறுவனம் கிராமங்களுக்கென்றே ஓர் ஏடிஎம் செய்தது. ஏசி வேண்டாம், சூரிய மின்சாரம் போதும், கசங்கிய நோட்டையும் தள்ளும். உறிஞ்சி இழுக்காமல், நோட்டு தன் எடையிலேயே கீழே விழுகிற மாதிரி அமைத்ததால் மின்செலவு குறைந்தது. நம் ஊர்ச் சூழ்நிலைக்கு நம் ஆட்கள் யோசித்துச் செய்த அருமையான கருவி அது.

கணக்கு இருந்தால் போதுமா என்பதற்கு 2023 செப்டம்பர் பதில் சொன்னது. அண்ணா பிறந்த நாளில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இடைத்தரகர் இல்லை, கட்சிக்காரர் சிபாரிசு இல்லை, நேரே வங்கிக் கணக்குக்கு. தமிழ்நாட்டில் பெண்கள் தங்கள் பெயரில் வரும் குறுஞ்செய்தியைப் பக்கத்து வீட்டில் காட்டிச் சந்தோஷப்பட்டார்கள். சிலருக்கு வந்த வேகத்திலேயே பணம் காணாமல் போனது. ‘மினிமம் பேலன்ஸ்’ இல்லை என்று முந்தைய மாதங்களின் அபராதத்தையும் சேவைக் கட்டணத்தையும் வங்கிகள் கழித்துக்கொண்டன. மாநில அரசு தலையிட்டு, இந்தத் தொகையில் கைவைக்கக் கூடாது என்று வங்கிகளிடம் சொல்ல வேண்டி வந்தது. இந்தியன் வங்கி சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை முழுதாக நீக்கியது 2025 ஜூலை 7-ல்தான். ஏழையிடம், ஏழையாக இருப்பதற்காக அபராதம் வாங்கிய வழக்கத்துக்கு என்ன நியாயம் சொன்னாலும் பொருந்தாது.

ராத்திரி 8 மணிக்கு வரும் வங்கி

இனி கடனுக்கு வருவோம். சந்தையில் ‘தண்டல்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். 10,000 ரூபாய் கடன் என்பார் தண்டல்காரர். கையில் தருவது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே போகிறது, பத்து விழுக்காடு என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்றெல்லாம் இதைவிடக் கொடுமையானவையும் உண்டு. 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கடன் வசூலில் அடாவடி செய்வோரைத் தண்டிக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. தண்டல் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? தண்டல்காரர் ராத்திரி 8 மணிக்குக் கூடைக்கே வருகிறார். ஆதார் கேட்பதில்லை, படிவம் கேட்பதில்லை. “இன்னைக்கு மழைக்கா, வியாபாரம் இல்ல” என்றால் ஒரு நாள் விட்டுப்பிடிக்கிறார். வீட்டில் சாவு என்றால் நடுராத்திரியில் பணம் கிடைக்கிறது. கொள்ளை வட்டிதான், ஆனால் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வங்கி மாலை 4 மணிக்குக் கவுன்டரை மூடுகிறது.

அரசுத் திட்டம் இல்லாமலில்லை. தெருவோர வியாபாரிகளுக்கான ‘ஸ்வநிதி’ கடன் 2020 ஜூனில் கொரோனா அடங்காத நேரத்தில் வந்தது. முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. ஜாமீன் வேண்டாம், 7 விழுக்காடு வட்டி மானியம், க்யூஆர் வழியாக விற்றால் மாதம் 100 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். 2025-ல் முதல் தவணை 15,000 ஆகவும் அடுத்தது 25,000 ஆகவும் உயர்ந்து, திட்டம் 2030 மார்ச் வரை நீண்டிருக்கிறது. நல்ல திட்டம், சந்தேகமில்லை.

இங்கேதான் க்யூஆர் அட்டையில் இருக்கும் பெயர் முக்கியமாகிறது. இன்று வங்கியும் கடன் நிறுவனமும் பார்ப்பது கணக்கில் தினமும் எவ்வளவு விழுகிறது என்பதை. யுபிஐ வரவே புதிய ‘கடன் வரலாறு’. கீரைக்கார அம்மா பத்து வருடம் விற்று, பத்து வருடமும் பணம் மகன் கணக்கில் விழுந்தால், கடன் வாங்கும் தகுதி மகனுக்குத்தான் கூடும். அவர் பெயரில் பார்த்தால் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்து மறுநாளே வெளியேறுவது மட்டும் தெரியும். உழைப்பு ஒருவர் பெயரில், தடயம் இன்னொருவர் பெயரில். மகன் நல்ல பிள்ளையாகவே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்களிடம் காய் விற்பவருக்கோ, வீட்டு வேலைக்கு வருபவருக்கோ உதவ நினைத்தால், அவர் எண்ணை அவர் கணக்கோடு இணைத்து, அவர் பெயரிலேயே க்யூஆர் வாங்கிக் கொடுங்கள்.

சொந்தப் பெயரில் க்யூஆர் வைக்காததற்குப் பயமும் ஒரு காரணம். 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு வரித்துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதும், கடை கடையாக க்யூஆர் அட்டைகள் இறங்கின. செய்தி சென்னைக்கும் வந்து சேர்ந்தது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பதைக் கூடைக்காரருக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

கைபேசியிலேயே கடன் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் கென்யாவைப் பார்க்க வேண்டும். 2007-ல் எம்-பெசா வந்து பணம் அனுப்புவதை எளிதாக்கியது, உலகமே கைதட்டியது. 2012-ல் அதன் மேல் கைபேசிக் கடன் வந்தது. சின்னக் கடனைக் கட்ட முடியாமல் கடன் கறுப்புப் பட்டியலில் லட்சக்கணக்கானோர் விழுந்தார்கள். நம் ஊரில் லோன் ஆப்காரர்கள் போனில் இருக்கும் உறவினர் எண்களுக்கெல்லாம் ஆபாசமாகச் செய்தி அனுப்பி மிரட்டிய பிறகுதான் 2022-ல் ரிசர்வ் வங்கி விதிமுறை கொண்டுவந்தது. முகம் தெரியாத கடன்காரன் தண்டல்காரரைவிட மோசமானவன்.

சேமித்ததாவது பத்திரமா?

மாட வீதியின் மறுபக்கத்தில், அடுக்குமாடி வீட்டில், வேறொரு பயம். பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் உயிர்ச் சான்றிதழுக்காகக் கிளைக்கு வந்து டோக்கன் எடுத்துக் காத்திருந்தது குறைந்துவிட்டது. முகத்தைக் கைபேசியில் காட்டினாலே போதும். அதே கைபேசியில்தான் “சிபிஐ-யிலிருந்து பேசுகிறோம், நீங்கள் டிஜிட்டல் கைது” என்றும் அழைப்பு வருகிறது. அப்படியொரு கைது சட்டத்திலேயே கிடையாது.

தெரிந்த இடம் என்று நம்பிப் போட்டாலும் சிக்கல். முன்னே சொன்ன 1872-ம் ஆண்டு மயிலாப்பூர் ஃபண்டில் முதிர்ந்த வைப்புத்தொகை திரும்பவில்லை, காசோலைகள் பணமில்லாமல் திரும்பின என்று முதலீட்டாளர்கள் புகார் செய்ய, அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸார் 2024 ஆகஸ்டில் கைது செய்தார்கள். குற்றச்சாட்டை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஒன்றை மட்டும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. நிதி நிறுவனங்களில் போட்ட பணத்துக்கும், தி.நகர் நகைக்கடைகளில் மாதாமாதம் கட்டும் நகைச் சீட்டுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. அரை விழுக்காடு வட்டி கூடுதல் என்று மாற்றுமுன் இதை யோசியுங்கள். கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவர் திருடியிருந்து, 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது அல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு விதி. ஓடிபி-யை நாமே சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போனது நம் தலையில்தான்.

வங்கிகளுக்குத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலிக்கு மேல் செயலி விடுகிறார்கள். கிளையில் தமிழ் பேசும் ஊழியரைத் தேட வேண்டியிருக்கிறது. மீன் வெட்டித் தேய்ந்த விரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. இந்தியன் வங்கியின் தலைமையகம் ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில் இருக்கிறது, ஐஓபி-யின் தலைமையகம் அண்ணா சாலையில். பட்டினப்பாக்கம் லூப் ரோடு மீன் அங்காடிக்கும் பாண்டி பஜாருக்கும் இரண்டிலிருந்தும் ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். வாரத்தில் இரண்டு நாளாவது, மாலை 6 மணிக்கு மேல், தமிழ் தெரிந்த ஓர் அலுவலரை ஸ்வநிதி விண்ணப்பத்தோடு அங்கே உட்காரவையுங்கள்.